ஒளிக்கோலில் தூசியைக் கண்டவர்: ஜான் டிண்டால்

ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு சற்றே விலகியிருந்தால் போதும். அதன் வழியே வெயில் ஒரு கோலைப்போல் அறைக்குள் இறங்கும். அந்தக் கோலுக்குள் ஆயிரமாயிரம் துகள்கள் சுழன்று மிதப்பதைப் பார்த்து விளையாடாத பிள்ளை நம் நாட்டில் இருக்க முடியாது. கோலுக்கு இரண்டு விரற்கடை அப்பால் காற்று பளிங்குபோல் தோன்றும். ஆயினும் அங்கேயும் இருப்பது அதே தூசிதான். ஒளி படும் இடத்தில் தெரிகிறது; படாத இடத்தில் மறைந்து நிற்கிறது.

குழந்தைகள் பார்த்து மறந்துவிடும் இந்தக் காட்சியை விடாமல் பற்றிக்கொண்டவர் ஜான் டிண்டால். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்னும் கேள்வியில் தொடங்கி, மனிதனுடைய நுரையீரலுக்குள் என்ன போய்த் தங்குகிறது என்னும் கேள்வி வரையில் அந்த ஒளிக்கோல் அவரை அழைத்துச் சென்றது. பௌதிகம் பயிலும் நம் நண்பர்கள் கூழ்மக் கரைசலைப் பற்றிய பாடத்தில் டிண்டால் விளைவு என்று இரண்டு வரி மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு வந்திருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் பட்டம் வாங்கியது கணிதத்தில் என்பதும், தீயணைப்பு வீரர்களுக்கு மூச்சுக் கவசம் செய்து கொடுத்தவர் அவரே என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அயர்லாந்தில் கார்லோ மாவட்டத்தில் லெக்லின்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1820ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி டிண்டால் பிறந்தார். தந்தை போலீஸ் உத்தியோகத்தில் சிறிய பதவியில் இருந்தவர். செல்வம் இல்லாத வீடு; ஆனால் படிப்பின் அருமை தெரிந்த வீடு. தந்தை அழுத்தமான புராட்டஸ்டண்டு. அப்படியிருந்தும், நன்றாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார் என்பதற்காக, கத்தோலிக்கரான கான்வில் என்னும் ஆசிரியரிடம் மகனை அனுப்பினார். அந்நாளைய அயர்லாந்தில் இது சின்ன விஷயமன்று. அங்கே கற்ற வடிவகணிதமும் நிலஅளவைக் கணக்கும்தான் பிள்ளைக்கு முதற்சோறு போட்டன.

1839இல் அரசாங்க நிலஅளவைத் துறையில் படம் வரைபவராகச் சேர்ந்தார். 1842இல் இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகருக்கு மாற்றினார்கள். சம்பளம் வாரத்துக்கு இருபது ஷில்லிங்குக்குச் சற்றுக் குறைவு. அயர்லாந்திலிருந்து வந்த உதவியாளர்கள் நடத்தப்பட்ட விதமும் கொடுக்கப்பட்ட கூலியும் நியாயமற்றவை என்று அவர் வெளிப்படையாகக் கிளர்ச்சி செய்தார், பத்திரிகைகளிலும் எழுதினார். பலன், 1843இல் வேலை போயிற்று. பிறகு சில ஆண்டுகள், இங்கிலாந்து முழுவதும் இருப்புப்பாதைப் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில், பாதைகளுக்கு நிலம் அளந்து இரவு பகலாக உழைத்தார். அந்தக் காய்ச்சல் தணிந்ததும், 1847இல் ஹாம்ப்ஷயரில் குவீன்வுட் கல்லூரியில் கணித ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய பேறு எட்வர்ட் பிராங்க்லாந்து என்ற இரசாயன ஆசிரியரின் நட்பு. ஒருவர் மற்றவருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க, மற்றவர் இரசாயனம் சொல்லிக் கொடுக்க, இருவரும் விடியுமுன் எழுந்து படித்தார்கள். இங்கிலாந்தில் இருந்தபடி விஞ்ஞானம் கற்க வசதி போதாது என்று கண்டு, 1848இல் இருவரும் ஜெர்மனியில் மார்பர்க் நகருக்குப் புறப்பட்டுவிட்டனர். டிண்டாலுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. கையில் இருந்தது தாமே சேர்த்துவைத்த கொஞ்சப் பணம். ஊர் விட்டு ஊர் வந்து, வேற்று மொழி பேசும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமக்கு அந்த நிலைமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சொந்தப் பணம் தீருமுன் பட்டம் பெற்றுவிட வேண்டும் என்ற அச்சத்தில் மனிதர் உயிரை விட்டு உழைத்தார். இரண்டே ஆண்டுகளில் முடித்தும்விட்டார்.

1850இல் அவர் பெற்ற டாக்டர் பட்டம் தூய கணிதத்துக்கு உரியது. வழிகாட்டியவர் ஸ்டெக்மன். பொருள், திருகுப் பரப்பு. ஓர் அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை நிறுத்தி, அதைச் சுழற்றிக்கொண்டே மேலே ஏற்றினால் அது ஒரு பரப்பை வரைந்து செல்லும்; சுழற்படிக்கட்டின் அடிப்பக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். கோடு செங்குத்தாக நில்லாமல் சாய்ந்து நின்றால் அந்தப் பரப்பு எப்படி அமையும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அதன்பின் கணிதத்தில் அவர் ஆராய்ச்சி செய்யவில்லை. கணித உலகமும் அந்தக் கட்டுரைக்காக அவரை நினைவில் வைத்திருக்கவில்லை. வடிவங்களை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தை அந்த இரண்டு ஆண்டுகள் அவருக்கு வலுப்படுத்தின என்று மட்டும் கருதலாம். கண்ணுக்குத் தெரியாத துகள்களையும் கதிர்களையும் பற்றி அவர் பிற்காலத்தில் பேசியபோது, அவற்றை நேரில் பார்த்துவிட்டு வந்தவரைப்போலப் பேசினார்.

பட்டம் வாங்கியதும் பௌதிகத்துக்குத் திரும்பினார். மார்பர்க்கில் நோப்லாக்குடன் சேர்ந்து படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1852இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1853 பிப்ரவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு நிகழ்த்த அழைத்தார்கள். அந்த ஒரே சொற்பொழிவில் அவையை அவர் கைப்பற்றிவிட்டார். அதே ஆண்டில் அங்கே இயற்கைத் தத்துவப் பேராசிரியர் ஆனார். மைக்கேல் பாரடே அவருக்கு மூத்த சகாவாகவும், ஏறக்குறைய தந்தையைப் போலவும் விளங்கினார். பாரடே மறைந்த 1867ஆம் ஆண்டு முதல் அந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பு டிண்டாலிடம் வந்தது.

வெப்பக் கதிர்களைப் பற்றி 1859இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சியை இன்று உலகமே பேசுகிறது. நீண்ட குழாயின் இரு முனைகளையும் இந்துப்புப் படிகத் தகடுகளால் மூடி, உள்ளே ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, அது எவ்வளவு வெப்பக் கதிரைத் தடுக்கிறது என்று அளந்தார். காற்றில் மிகுதியாக உள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் ஏறக்குறைய ஒன்றும் தடுப்பதில்லை. மிகச் சிறிதளவே உள்ள நீராவியும் கரியமிலவாயுவும் வலுவாகத் தடுக்கின்றன. பூமி இரவில் உறைந்து போகாமல் இருப்பதன் காரணம் இதில் அடங்கியிருந்தது. அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்ற பெண்மணி 1856இலேயே, வெயிலில் வைத்த கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு, கரியமிலவாயு அதிகமாகச் சூடேறுவதைக் காட்டியிருந்தார். அவர் பெயரை உலகம் வெகுகாலம் மறந்திருந்தது. இப்போது இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.

நாம் தேடி வந்த தூசிக் கதை 1868இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் டிண்டால் சில ஆவிகளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அதன் ஊடே வலிமையான மின்விளக்கின் ஒளியைச் செலுத்திக்கொண்டிருந்தார். ஒளி பட்டதும் ஆவி மாறுபட்டு, மிக மிக நுண்ணிய துகள்களாகத் திரண்டு மேகம்போல் தோன்றிற்று. துகள்கள் போதிய அளவு நுண்ணியவையாக இருந்தபோது அந்த மேகம் அழகான நீல நிறம் காட்டியது. வானத்தின் நீலமும் இப்படிப்பட்ட நுண்துகள்கள் சிதறடித்த ஒளியே என்று அவர் முடிவு கட்டினார். துகள்கூட வேண்டாம், காற்றின் மூலக்கூறுகளே அதைச் செய்யப் போதும் என்பது பின்னர் ராலே பிரபுவின் கணக்கினால் விளங்கியது. நம் நாட்டில் சி. வி. ராமன் 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது அதன் நீலத்தைக் கண்டு எழுப்பிய கேள்வி இந்த வழியில் வந்ததே. 1928இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட கல்கத்தா விஞ்ஞான சங்கத்தை 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவியபோது, அவர் முன்மாதிரியாகக் கொண்டது டிண்டால் பணியாற்றிய இதே ராயல் இன்ஸ்டிடியூஷனைத்தான்.

வானத்து நீலத்தைக் குழாயில் பிடிக்க வேண்டுமானால் குழாயில் முதலில் தூசி இருக்கக்கூடாது. அங்கேதான் தொல்லை. இலண்டன் நகரக் காற்றைக் கந்தக அமிலத்தின் வழியாகச் செலுத்திப் பார்த்தார்; காஸ்டிக் பொட்டாஷ் வழியாகவும் செலுத்திப் பார்த்தார். அப்படியும் ஒளிக்கோலில் தூசி பளிச்சிட்டது. பிறகு காற்று குழாய்க்குள் நுழையுமிடத்தில் ஒரு சாராய விளக்கைக் கொளுத்தி வைத்து, சுடரின் மேலாகக் காற்றை மெல்ல இழுத்தார். தூசி மறைந்துவிட்டது! எரிந்து போகிற பொருளென்றால் அது மண்ணன்று, கல்லன்று. உயிர்ப்பொருளிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அதுவரையில் அறைத் தூசி பெரும்பாலும் மண்வகை என்றே நினைத்திருந்த அவருக்கு இது வியப்பாயிருந்தது.

அடுத்து, திறந்த அறையில் ஒளிக்கோலுக்கு நேர் கீழே விளக்கை வைத்தார். சுடரின்மேல், ஒளிக்கோலை ஊடுருவிக்கொண்டு கரும்புகைபோல் ஏதோ சுழன்று எழுந்தது. புகைதானோ என்று, புகையே தராத ஹைட்ரஜன் சுடரை வைத்தார். அதன் மேலும் அதே கருமை. ஆக, அது புகையே அன்று. தூசியற்ற காற்று மேலெழுகிறது. ஒளியைச் சிதறடிக்க அங்கே ஒன்றுமில்லை. அதனால் இருட்டாகத் தெரிகிறது. தூசி எரிந்ததனால் உண்டான இருள் என்று டிண்டால் கருதினார். சூடான பொருள் தூசியைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளுகிறது என்பதை ராலேயும் எய்ட்கனும் 1880களில் தெளிவாக்கினர்.

இந்தச் சிறு திருத்தத்துக்குப் பிற்காலத்தில் பெரிய பயன் உண்டாயிற்று. சூடேறிய கம்பியொன்றின் இருபுறமும் மெல்லிய கண்ணாடித் தகடுகளை வைத்து, இடையே சுரங்கக் காற்றை ஓடவிட்டால், கம்பி விலக்கித் தள்ளும் தூசி தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். தகட்டை நுண்பெருக்கியில் வைத்துத் துகள்களை எண்ணிவிடலாம். 1930களில் இங்கிலாந்தில் இக்கருவியைச் செய்தார்கள். எத்தனையோ சுரங்கங்களில் தூசியின் அளவை அறிய அது பயன்பட்டது. சாராய விளக்கின் மேல் கண்ட கருநிழல், அறுபது ஆண்டு கழித்துச் சுரங்கத்துக்குள் இறங்கியது.

அடுத்துவரும் சோதனை மிக எளிது. டிண்டாலின் வேலைகளில் என் மனத்தை அதிகம் கவர்ந்ததும் அதுவே. ஒரு கண்ணாடிக் குழாயைச் சற்றே சூடுபடுத்தி (மூச்சின் ஈரம் அதில் படியாமல் இருப்பதற்காக) வாயில் வைத்து, ஒளிக்கோலுக்குக் குறுக்கே அவர் மூச்சை வெளிவிட்டார். முதலில் வந்த காற்று தூசியோடு வந்தது. ஒளிக்கோலில் பெரிய மாறுதல் இல்லை. மூச்சு நீள நீள, ஒளி மங்கிற்று. கடைசியில், நெஞ்சின் அடியிலிருந்து காற்று வந்தபோது, ஒளிக்கோலின் நடுவே கரிய வட்டம் ஒன்று துளை போட்டாற்போல் தோன்றியது. இதன் பொருள் என்ன? உள்ளே போன காற்றில் தூசி இருந்தது. ஆழத்திலிருந்து திரும்பி வந்த காற்றில் இல்லை. அப்படியானால் அந்தத் தூசி எங்கே? நுரையீரலிலேயே தங்கிவிட்டது.

வைத்தியர்கள் அதுவரை இறந்தவரின் நுரையீரலை அறுத்துப் பார்த்துச் சொல்லிவந்ததை, உயிரோடிருக்கும் மனிதனின் மூச்சில், ஒரு நிமிடத்தில், அவையோர் அனைவரும் காணும்படி அவர் காட்டிவிட்டார். இன்னொன்றும் செய்தார். ஒரு கைப்பிடி பஞ்சை வாயிலும் மூக்கிலும் பொத்திக்கொண்டு, அதன் வழியாக மூச்சை உள்ளிழுத்து, பிறகு வெளிவிட்டார். இப்போது முதலிலிருந்தே கருமை தோன்றியது. தூசியைப் பஞ்சு வெளியிலேயே நிறுத்திவிட்டது. இவற்றையெல்லாம் 1870 ஜனவரியில், தூசியும் நோயும் பற்றிய சொற்பொழிவாக ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் வெளியிட்டார்.

இந்தப் பஞ்சிலிருந்துதான் மூச்சுக் கவசம் பிறந்தது. இலண்டன் தீயணைப்புப் படையின் தலைவராக அப்போது காப்டன் ஷா என்பவர் இருந்தார். தீயைவிடப் புகையே தம் வீரர்களுக்குப் பெரிய எமன் என்பது அவருக்குத் தெரியும். பஞ்சு மட்டும் போதாது. புகையின் திடத் துகள்கள் சில அதையும் கடந்தன. எனவே பஞ்சைக் கிளிசரினில் நனைத்தார் டிண்டால், துகள்கள் ஒட்டிக்கொண்டன. ஆனால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஆவிகள் அப்போதும் வந்தன. அவற்றை உறிஞ்ச மரக்கரி இருக்கிறது. ஸ்டென்ஹவுஸ் என்ற இரசாயனி முன்பே மரக்கரிக் கவசம் செய்திருந்தார். கரியமிலவாயுவைப் பிடிக்கச் சுண்ணாம்பு. இப்படிப் பஞ்சு, கிளிசரின் பஞ்சு, மரக்கரி, சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காக ஒரு குழாயில் நிரப்பி, முகமூடியுடன் பொருத்தினார். பிசின் மிகுந்த பைன் கட்டையைக் கொளுத்தி ஒரு சிறிய அறையைப் புகையால் நிரப்பி, கவசத்துடன் தாமே உள்ளே நுழைந்து அரைமணி நேரத்துக்கு மேல் இருந்து காட்டினார். கவசமின்றி அங்கே ஒரு மூச்சுக்கூட இழுக்க முடியாது. 1874இல் இதைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு அறிக்கை கொடுத்தார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். நெருப்பில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை மரக்கரி தடுக்காது. பிராணவாயு குறைந்த இடத்தில் இக்கவசம் பிராணவாயுவைத் தரவும் செய்யாது. இக்காலத் தீயணைப்பு வீரர் காற்றை உருளையில் அடைத்துச் சுமந்து செல்வது இதனால்தான்.

தூசியைப் பற்றி அன்று டிண்டாலின் கவனம் பெரும்பாலும் கிருமிகளின் மேலேயே சென்றது. எரிந்து போகும் தூசியில் நோய்வித்து இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை, பெரிய உண்மைதான். ஆனால் கல் உடைப்பவன், பாறை துளைப்பவன், சாணை பிடிப்பவன் ஆகியோரைக் கொல்லும் தூசி எரியாத தூசி. மணற்சத்து நிறைந்த நுண்தூசி நுரையீரலின் அடியில் போய்த் தங்கினால் அங்கே தழும்பு விழுகிறது. தழும்பு பரவி மூச்சு சுருங்குகிறது. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய்க்கு அதைத் திருப்பும் மருந்து இன்றுவரை இல்லை. கண்ணை உறுத்தும் பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஆழத்துக்குப் போவது, வெறுங்கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த துகள். தூசியே தெரியவில்லையே, பிறகு என்ன கெடுதல் என்று மேற்பார்வையாளர் கேட்டால் தொழிலாளி என்ன பதில் சொல்ல முடியும்?

நம்மவர்க்கு இது தூரத்து விஷயமன்று. மைசூர் இராச்சியத்துக் கோலார் தங்கவயலில் பாறை துளைத்தவர்களில் பெரும்பகுதியினர் வடஆர்க்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். அங்கே 1940க்கும் 1946க்கும் இடையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருப்பதாகக் கண்டார்கள். தங்கவயலை 2001இல் மூடியாயிற்று. ஆனால் நாடெங்கும் கல்குவாரிகளிலும் கல்லரைக்கும் ஆலைகளிலும் அந்த நோய் மூடப்படவில்லை.

அந்த மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல டிண்டாலின் ஒளிக்கோல் இன்றும் உதவுகிறது. வேலை நடக்கும் இடத்துக்குப் பின்னால் வலிமையான விளக்கொன்றை வைத்து, அதன் ஒளியை நோக்கியவாறு, விளக்கு நேரே கண்ணில் படாமல் ஒரு மறைப்பு வைத்துப் பார்த்தால், வெற்றிடம்போல் தோன்றிய காற்றில் தூசி மேகமாக எழுந்து தொழிலாளியின் முகத்தை மூடுவது தெரியும். பிரிட்டனில் தொழிற்சாலை நலத்துறையினர் இதைத் தூசி விளக்கு என்று அழைத்து முறையாகக் கையாளுகின்றனர். பெரிய செலவு ஒன்றுமில்லை. பௌதிகச் சோதனைச்சாலை உள்ள எந்தக் கல்லூரி மாணவரும் ஒரு கல்பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டக்கூடிய சாதனம் இது.

டிண்டாலின் பிற பணிகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். உயிர் தானாகவே தோன்றும் என்று வாதித்த பாஸ்டியனை எதிர்த்து, உட்சுவர்களில் கிளிசரின் பூசிய தூசியற்ற பெட்டியில் இறைச்சிச்சாறு கெடாமல் இருப்பதை 1876இல் காட்டினார். கொதிக்கவைத்தும் சாகாத வித்துக்களை, விட்டு விட்டுச் சூடுபடுத்திக் கொல்லும் முறையை 1877இல் கண்டார். ஆல்ப்ஸ் மலையில் வைஸ்ஹார்ன் சிகரத்தின்மேல் 1861இல் முதன்முதலாக ஏறியவரும் அவரே. 1872-73இல் அமெரிக்காவில் சொற்பொழிவு செய்து மிஞ்சிய பதின்மூவாயிரம் டாலரை, அந்நாட்டு மாணவர் பௌதிகம் பயிலுவதற்கே கொடுத்துவிட்டு வந்தார். 1874இல் பெல்பாஸ்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத் தலைவராக, உலகத் தோற்றத்தைப் பற்றிப் பேசும் உரிமை விஞ்ஞானத்துக்கே உண்டு என்று வாதித்தார்; பாதிரிமார்கள் கொதித்தெழுந்தனர்.

புகழ்ந்துகொண்டே போவது சரியன்று. ஜமெய்க்காவில் 1865இல் நூற்றுக்கணக்கான நீக்ரோ மக்களைக் கொன்று குவித்த கவர்னர் அயரைத் தண்டிக்க வேண்டுமென்று டார்வினும் ஹக்ஸ்லியும் மில்லும் ஒருபுறம் நின்றபோது, டிண்டால் அயரின் பக்கம் நின்றார். அயர்லாந்தின் சுயாட்சியையும் எதிர்த்தார். சர்வே ஆபீசில் ஐரிஷ் உதவியாளருக்காகப் போராடி வேலை இழந்த இளைஞர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை எண்ணினால் வருத்தமாகவே இருக்கிறது.

1876இல், ஐம்பத்தைந்து வயதில், தம்மைவிட இருபத்தைந்து வயது இளையவரான லூயிசா ஹாமில்டனை மணந்தார். அம்மையார் சோதனைச்சாலையிலும் எழுத்துவேலையிலும் கணவருக்குத் துணையாக இருந்தார். டிண்டாலுக்கு நெடுநாளாகத் தூக்கமின்மை உண்டு. அதற்குக் குளோரல் என்னும் மருந்து சாப்பிடுவார். வயிற்றுக்கு மக்னீசியாவும் சாப்பிடுவது வழக்கம். 1893 டிசம்பர் 4ஆம் தேதி காலை, ஹைண்ட்ஹெட் ஊரில் தம் இல்லத்தில் நோயாளியாகக் கிடந்தபோது, அம்மையார் மக்னீசியா என்று நினைத்து ஊற்றிக் கொடுத்தது குளோரலாக இருந்துவிட்டது. வைத்தியர்கள் எவ்வளவோ முயன்றும் பயனின்றி அன்று மாலை அவர் உயிர் பிரிந்தது.

லூயிசா அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தார். கணவரின் வரலாற்றைத் தாமே எழுத வேண்டுமென்று கடிதங்களையும் குறிப்பேடுகளையும் ஒன்றுவிடாமல் திரட்டினார், படியெடுத்தார், ஆனால் முடிக்க அவரால் இயலவில்லை. 1940இல் அவர் மறைந்தபின், அந்தக் கடிதக் குவியலிலிருந்து வேறு இருவர் எழுதிய வரலாறு 1945இல் அச்சேறியது.